அருவிக்குப் போவோம், பொழுதோடு திரும்புவோம்

தமிழ்நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் விடுமுறை என்றால் குழந்தைகள் முதலில் கேட்பது சங்குமுகம் கடற்கரை. அது அலுத்துவிட்டால் பொன்முடி. அந்தப் பொன்முடிக்குப் போகும் சாலையில், நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் கல்லாறு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே முதன்மைச் சாலையை விட்டுக் காட்டுக்குள் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் சென்றால் மீன்முட்டி அருவி. மேலே நீந்திவரும் மீன்கள் பாறையில் முட்டி நின்றுவிடும் இடம் என்பது பெயர்ப்பொருள். தமிழருக்கு அகராதி தேவையில்லை!

ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடம். எப்படித் திட்டமிடலாம் என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் பாலங்களையும் இருப்புப்பாதையையும் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஆற்றைப் பார்த்தாலும் வெள்ளம் எதுவரை ஏறும் என்றுதான் கண் தேடும். அப்படிப்பட்ட நானே ஒருமுறை ஏமாந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் மாதம், நான்கு குடும்பங்களாக வேன் பிடித்துக் கிளம்பினோம். காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஒரு வீட்டில் இட்லி வேகவில்லை, இன்னொரு வீட்டில் குழந்தை எழவில்லை. ஒன்பதரை ஆயிற்று. நெடுமங்காட்டில் தேநீர், விதுரையில் வாழைப்பழம். அருவியை அடைந்தபோது மணி ஒன்று. நல்ல வெயில். சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டோம்.

இரண்டரை மணி இருக்கும். தெளிந்து ஓடிய நீரில் காய்ந்த இலைகள் கொத்துக் கொத்தாக வந்தன. நிறமும் சற்று மாறியது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காவலர் விசிலை ஊதி, "கேறிக்கோ! கேறிக்கோ!" என்று கத்தினார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். பத்து நிமிடத்தில் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட பாறையைக் காணவில்லை. தூக்குச்சட்டிகள் போயின, பிள்ளைகள் தப்பினார்கள். எங்கள் தலைமேல் ஒரு துளி மழைகூட விழவில்லை!

"ரயிலுக்கு மட்டும்தான் நேரம் பார்ப்பீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. போகும் நேரத்தைத் திட்டமிட்ட நான், திரும்பும் நேரத்தைத் திட்டமிடவே இல்லை.

வெயிலில் வெள்ளம் எப்படி வரும்?

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். மேலே பல சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் பெய்த மழை முழுவதும் ஒரே ஓடையில் இறங்குகிறது. சரிவு செங்குத்தாகவும் பாறையாகவும் இருப்பதால் பெரும்பகுதி மண்ணில் ஊறாமல் ஓடிவந்துவிடும். ஆகவே அருவிக்குப் போகிறவர் கண்முன் விழும் நீரைவிட அதன் பின்னால் நிற்கும் மலையைத்தான் பார்க்க வேண்டும். மலை கறுத்தால் கரையேற வேண்டும்.

பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து, பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் 1956 நவம்பர் 23: அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் அரித்துவிட்ட பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அதனால்தான் பாலத்தின் தூணில் அபாய மட்டம் குறித்து வைக்கிறோம். காட்டில் அப்படிக் கோடு போட ஆளில்லை. ஆனால் ஆறே போட்டு வைத்திருக்கும். கரையோர மரங்களில் எந்த உயரத்தில் சருகும் குச்சியும் சிக்கித் தொங்குகின்றன என்று பாருங்கள். பழைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. பாயை அதற்கு மேலே விரியுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. எல்லோரும் அதற்கு மட்டும் அஞ்சுகிறோம். இங்கே துலாவர்ஷம் என்று சொல்லும் அக்டோபர், நவம்பர் மழைதான் ஏமாற்றும். காலையில் வெயில் அடிக்கும்; பிற்பகலில் இடியோடு கொட்டும். இதே மாவட்டத்தில் அம்பூரியில் ஏறத்தாழ 40 பேரைப் பலிகொண்ட மண்சரிவு 2001 நவம்பர் 9 அன்று நிகழ்ந்தது. குடும்பத்தோடு போக டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. நீர் சற்றுக் குறைந்தாலும் மனம் நிறையும்.

புறப்படும் காலையில் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் ஒரு நாளில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் மழை எதிர்பார்க்கப்படுகிறது. ஆரஞ்சு என்றால் 20 சென்டிமீட்டர் வரை. சிவப்பு என்றால் அதற்கும் மேல். எந்த நிறமானாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கனமழைக் காலத்தில் வனத்துறையே அருவியை மூடிவிடுவதும் உண்டு.

நாளைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

மாலை ஆறரைக்குள் வீடு. அதற்கு நான்கு மணிக்குள் கல்லாற்றில் வண்டி ஏற வேண்டும். அப்படியானால் பிற்பகல் ஒரு மணிக்கே அருவியை விட்டு இறங்கிவிட வேண்டும். மழை கொட்டும் வேளைக்கும் காட்டில் இருட்டும் வேளைக்கும் அது முந்தியது. அருவியில் இரண்டு மணி நேரம் வேண்டுமென்றால் பதினொன்றுக்கு அங்கே இருக்க வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து ஏழுக்கே கிளம்ப வேண்டும். தாமதமானால் அருவியில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். ஒரு மணியைத் தள்ளிவைக்காதீர்கள். பதினொன்றரைக்கும் நடை தொடங்கவில்லையென்றால், அன்று கல்லாற்றங்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே மேல்.

பேருந்தில் போகிறவர்கள் தம்பானூரில் ஏறுமுன்பே திரும்பும் பேருந்தின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெய்யாற்றுப் பக்கம் இன்னொரு மீன்முட்டி இருக்கிறது; வயநாட்டிலும் ஒன்று உண்டு. வழி கேட்கும்போது "கல்லாறு மீன்முட்டி" என்றே சொல்லுங்கள்.

கையில் என்ன, காலில் என்ன?

ரப்பர் செருப்பு பாசிப் பாறையில் வழுக்கும். பின்வார் உள்ள, நன்றாகப் பிடிக்கும் காலணி தேவை. அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல், உப்பு முடிப்பை நனைத்து ஒற்றினால் விழுந்துவிடும். எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். யானை நடமாடும் காடு. காவலர் சொல்வதைத் தட்டாதீர்கள். உள்ளே கைப்பேசி கிடைக்காமல் போகலாம். எப்போது திரும்புவீர்கள் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசர உதவிக்கு எண் 112.

குளிக்கும் ஆசைதான் பெரிய அபாயம். கயம் என்ற சொல் பழந்தமிழிலும் ஆழமான நீர்நிலைக்கே பெயர். கல்லாற்றிலுள்ள வட்டக்கயத்தில் 2022 அக்டோபரில் மூவர் மூழ்கி இறந்தனர். மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கடியில் கற்கள் சுழன்று குடைந்த குழிகள் இருக்கும். காவலர் காட்டும் இடத்தில், முழங்கால் அளவோடு நிறுத்துங்கள். இருவர் இருவராகச் சேர்த்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு இருமுறை மீன்முட்டிக்குப் போய்வந்தேன். இரண்டு முறையும் ஒரு மணிக்குக் கிளம்பினோம். "இன்னும் கொஞ்ச நேரம், தாத்தா" என்று பேரன் கெஞ்சினான். அந்தக் கெஞ்சலைக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. அருவி அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஆண்டும் போகலாம்.