சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதன் மோட்டார் வண்டியின் எண்ணெயைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனோ என்று அன்பர்கள் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். நன்னூலும் காரிகையும் எனக்குக் கற்பியாத ஒரு பாடத்தை, வட்டுக்கோட்டையில் என் வீட்டு முன்றிலில் நிற்கும் பழைய மொறிஸ் மைனர் கற்பித்தது. அப்பாடத்திற்காக நான் ஓர் இளைஞனின் மனத்தைப் புண்படுத்தினேன். ஆதலின் இதனை எழுதும் கடன் எனக்குண்டு.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த வண்டி அது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்குமுன் 15 இலட்சத்துக்கு மேற்பட்டவை உலகெங்கும் சென்றன. எங்கள் வண்டி, 1956இல் அறிமுகமான ‘மைனர் 1000’ வகையினது. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினை உடையது. என் தந்தையார் வாங்கி ஓட்டியது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தை மூத்தோர் மறந்திரார். சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துச் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய், பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்திராது, கூடியிருக்கும். “கூடுதெண்டு சந்தோசப்படாதை, மணந்து பார்” என்பார் தந்தையார். கண்ணாற் கண்டதைக் கொண்டு மட்டும் முடிவு கூறலாகாது என்பதை அவர் அன்றே சொல்லிவைத்தார். நான்தான் மறந்தேன்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாடெங்கும் எரிபொருள் அருகியபோது வண்டி சில மாதங்கள் கொட்டகையிற் கிடந்தது. பின்னர் ஓட்டத் தொடங்குமுன் எண்ணெய் மாற்றுவித்தேன். மாற்றியவன், முன்னொருகால் என் வகுப்பிற் படித்த இளைஞன். இப்பொழுது கராஜ் வேலை செய்பவன். ஒரு வாரத்துள் சீமெந்துத் தரையில் உள்ளங்கையளவு கரிய வட்டம் ஒன்று தோன்றியது. குனிந்து பார்த்தேன். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பொருந்துமிடத்தின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

படிக்குங் காலத்தில் அவ்விளைஞனின் கட்டுரைகளில் ஒற்றுப்பிழை மலிந்திருக்கும். அந்த நினைவே எனக்கு முந்திக்கொண்டது. சந்தியிலுள்ள தேநீர்க்கடையில் அவனைக் கண்டபோது, நாலு பேர் முன்னிலையில், “அண்டைக்கு ஒற்றெழுத்தை விட்டாய், இண்டைக்கு ஆணியை இறுக்காமல் விட்டிட்டாய்” என்றேன். இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, மறுமொழியும் கூறவில்லை.

நானும் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். எஞ்சினின் தலைமேல் தகர மூடி ஒன்றுண்டு. அதனைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் ஸ்பானராற் கைகொண்டமட்டும் இறுக்கினேன். ஒழுக்கு மிகுந்தது. பின்னர் வேறொரு கராஜிற் காட்டினேன். “பின்பக்கச் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்கவேண்டும்” என்றனர். அவர்கள் கேட்ட தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை விஞ்சியது. தந்தையாரின் வண்டியை விற்றுவிடுவதோ என்று இரவெல்லாம் எண்ணினேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவ்விளைஞன், அழையாமலே, படலையைத் திறந்துகொண்டு வந்தான். “ஒருக்காப் பாப்பம் ஐயா” என்றான். எஞ்சினைக் கழற்றுவான் என்று நினைத்தேன். அவன் கழுவத் தொடங்கினான். “ஊத்தைக்குள்ளை ஒழுக்குத் தெரியாது ஐயா.” மண்ணெண்ணெயும் தூரிகையுங் கொண்டு மேலிருந்து கீழாகத் தேய்த்துத் துடைத்து உலரவிட்டான். பின்னர், குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை வாங்கி, எஞ்சினின் புறமெங்கும் மெல்லத் தூவினான். இருவரும் சித்தன்கேணிவரை ஓடித் திரும்பினோம்.

பொனற்றைத் திறந்து, ரோச் வெளிச்சத்தையும் சிறு கண்ணாடியையும் கொண்டு காட்டினான். எண்ணெய் இறக்கும் ஆணியைச் சுற்றி வெண்மை கலையவில்லை. அடித்தொட்டியின் விளிம்பும் உலர்ந்தே இருந்தது. ஆனால் தலைமேல் மூடியின் பின்விளிம்பிலிருந்து கரிய நூல்போன்ற கோடொன்று புறப்பட்டு, எஞ்சினின் முதுகு வழியே இறங்கி, கியர்ப்பெட்டி பொருந்துமிடத்திற் சென்று மறைந்தது. “எண்ணெய் கீழைதான் சொட்டும் ஐயா. ஒழுக்கு மேலை.”

மூடியைக் கழற்றினான். அதன் கீழிருந்த தக்கைக் கஸ்கற் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. தகரத்தின் விளிம்பும் வளைந்திருந்தது. “ஆர் ஐயா இதை இவ்வளவு இறுக்கினது?” என்று கேட்டான். சிறிது நேரம் பேசாதிருந்து, “நான்தான்” என்றேன்.

அவன் அத்துடன் நிற்கவில்லை. நான் இறுக்குமுன்பே ஒழுகியதற்குக் காரணம் வேறாதல் வேண்டும் என்றான். எஞ்சினுள் எரியும் வாயுவிற் சிறிது எப்பொழுதும் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழறைக்கு வரும். அது வெளியேறுதற்கு மூச்சுக்குழாய்கள் உண்டு. அவை அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, நொய்ந்த பொருத்துகளினூடாக எண்ணெயை வெளியே தள்ளும். எங்கள் வண்டியில், கீழ்நோக்கி இறங்கும் குழாயிற் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் றப்பர்க் குழாயோ முதுமையால் உட்சுருங்கி ஒட்டிக்கிடந்தது. எரிபொருளின்றி வண்டி உறங்கிய மாதங்களிற் குளவி தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

மண்ணைக் குத்தி எடுத்தான். றப்பர்க் குழாயை மாற்றினான். மூடியின் விளிம்பைச் சமமான பலகையில் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்தினான். புதிய தக்கைக் கஸ்கற் இட்டு, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக, அளவோடு இறுக்கினான். நண்பகலுக்குள் வேலை முடிந்தது. செலவு, எஞ்சினை இறக்கக் கேட்ட தொகையில் மிகச் சிறிய கூறே. அவர்கள் கூறிய ‘பின்பக்கச் சீல்’ இவ்வகை எஞ்சினில் இல்லை என்பதையும் அவனிடமே அறிந்தேன். அங்கே சுழலும் தண்டிற் புரி வெட்டப்பட்டுள்ளது. அப்புரியே எண்ணெயை உள்ளே திருப்புகின்றது.

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயை அறிதலையும் அதன் காரணத்தை அறிதலையும் வெவ்வேறாகப் பிரித்து வைத்தார். முப்பது ஆண்டுகளாக அப்பிரிவை மாணவர்க்கு விளக்கி வந்தவன் நான். அதனைக் கையாற் செய்து காட்டியவன் என்னிடம் குறைந்த புள்ளி பெற்றவன். பள்ளிக் காலத்தில் அவன் ஏன் ஒற்றை விட்டான் என்று நான் கேட்டதேயில்லை. அன்று கேட்டேன். தந்தையை இழந்த வீடு. பள்ளி விட்டதும் கராஜிற் பின்னேர வேலை. கொப்பி எழுதியது நித்திரை தூங்கும் வேளையில். நான் சொட்டிய இடத்திற் சிவப்பு மை இட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதே தேநீர்க்கடைக்குச் சென்று, அதே நால்வர் இருந்த வேளையில், பிழை என்னுடையது என்று கூறினேன். நாலு பேர் முன் சுமத்திய பழியை வீட்டுத் திண்ணையில் வைத்து இறக்குதல் முறையன்று.

நெடுந்தூரம் ஓடி வந்து நிறுத்தினால் இன்றும் ஒரு சொட்டு விழுகின்றது. “அது அதின்ரை குணம் ஐயா, விடுங்கோ” என்கிறான். வண்டியின் கீழே ஒரு மட்டையை விரித்திருக்கிறேன். ஒரு சொட்டாயின் பேசாதிருப்பேன். பெருகுமாயின், கழுவித் துடைத்துப் பார்த்த பின்னரே வாய் திறப்பேன்.