இரைச்சலும் குரலும்

“ஸ்ஸ்ஸ்...”

பாம்பா சீறுகிறது? பதற வேண்டாம், தோழர்களே! சுழலும் ஒலிநாடாவின் இரைச்சல் அது. பேச்சாளர் முழங்கும்போது பதுங்கும். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் தலை நீட்டும்.

எங்கிருந்து பிறக்கிறது இந்த இரைச்சல்? நாடாவிலே பூசியுள்ள நுண்ணிய காந்தத் துகள்களிலிருந்து! குரலைச் சுமக்கும் துகளே குரலுக்குப் பகையாகிறது. 1935-ல் பெர்லின் கண்காட்சியிலே ஏ.இ.ஜி. நிறுவனம் ‘மேக்னட்டோஃபோன்’ கருவியைக் காட்டிய காலந்தொட்டே இருக்கும் தொல்லை இது.

வேகத்தைக் கூட்டினால் இரைச்சல் குறையும். தடத்தை அகலமாக்கினாலும் குறையும். ஆனால் செலவு? 1,200 அடிச் சுருள், நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் 64 நிமிடம் ஓடும். 15 அங்குல வேகத்திலோ 16 நிமிடந்தான்! பெரிய ஸ்டூடியோவுக்குக் கட்டுபடியாகும். உழைப்பவன் வீட்டுக்கு ஆகுமா?

கீச்சொலிகளை வெட்டும் வடிகட்டியைப் போடலாமே என்பார் சிலர். போடலாம், இரைச்சலோடு சகரத்தின் கூர்மையும் போய்விடும். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்திய கதைதான்!

அமெரிக்கப் பொறியாளர் ரே டால்பி வேறு வழி கண்டார். 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் சார்பில் இந்தியாவிலே ஆலோசகராகப் பணியாற்றியவர் அவர். 1965-ல் லண்டனில் தம் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அவருடைய ‘ஏ’ முறையை 1966-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் கையாண்டது.

என்ன சூட்சுமம்? உரத்த ஒலி, இரைச்சலைத் தானே மறைத்துக்கொள்ளும், அதைத் தொடாதே. மெல்லிய ஒலியைப் பதியும்போதே உயர்த்து. திரும்பக் கேட்கையில் அதே அளவு தாழ்த்து. குரல் பழைய நிலைக்கு வரும். இடையிலே நாடாவில் புகுந்த இரைச்சலோ கூடவே தாழ்ந்துபோகும்! முரசின் முழக்கம் குழலின் ஓசையைக் குழப்பாதிருக்க, ஒலியை நான்கு பகுதிகளாகப் பிரித்து இதைச் செய்தார். 10 டெசிபல் குறைந்தது. அதாவது, இரைச்சலின் ஆற்றல் பத்தில் ஒரு பங்கானது. 1968-ல் வீட்டுக் கருவிகளுக்கென எளிய ‘பி’ முறையும் வந்தது.

ஆனால் ஒன்று, தோழர்களே! நாடாவில் நுழையவிருக்கும் இரைச்சலைத்தான் இம்முறை தடுக்கும். ஏற்கெனவே நுழைந்துவிட்டதை நீக்காது. உயர்த்திப் பதியாத சுருளைத் தாழ்த்திக் கேட்டால், குரல் மங்கும்.

இன்று பழைய கூட்டப் பேச்சுகளைச் சுருளிலிருந்து கணினிக்கு மாற்றுகிறார்கள். நல்ல பணி! ஆனால், ‘சுத்தம் செய்கிறேன்’ என்று எடுத்த எடுப்பிலேயே குரலைச் சுரண்டிவிடாதீர். காந்தத் தலையைத் துடையுங்கள், வேகத்தைச் சரிபாருங்கள், உள்ளதை உள்ளபடியே முதலில் ஒரு படி எடுத்துப் பூட்டி வையுங்கள். துப்புரவு வேலையெல்லாம் இரண்டாவது படியிலே நடக்கட்டும்.

இரைச்சலை நாளையும் அகற்றலாம். இழந்த குரலை எவர் மீட்டுத் தருவார்?