விலை கூடிய கிரில் அடுப்பு: வாங்கும் முன் ஒரு கணக்கு

மாலை ஐந்து மணி ஆனால் போதும். தருமபுரி, பாலக்கோடு, அரூர் கடைவீதிகளில் கோழி சுடும் வாசனை வந்துவிடுகிறது. மளிகைக் கடை நடத்தும் நம் வணிக நண்பர்களில் சிலரும், கடை வாசலில் ஒரு கிரில் அடுப்பைப் போட்டு மாலை நேரத்தில் கூடுதல் வருமானம் பார்க்கலாம் என்று எண்ணுகின்றனர். நல்ல எண்ணந்தான். ஆனால் அடுப்பு வாங்கப் போனால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் ஒன்றுக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். "நீடித்து உழைக்கும், கேஸ் மிச்சமாகும்" என்கிறார் விற்பவர். அந்தக் கூடுதல் பணம் நம் கல்லாவுக்குத் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி.

விலை எதனால் கூடுகிறது?

முதலாவது, எவர்சில்வர் தகடு. 304, 202, 430 என்று பல ரகங்கள் உண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் அசல் 304 என்று நம்மில் பலர் நம்புகிறோம். இது சரியல்ல. 430 ரகம் காந்தத்தில் ஒட்டும். ஆனால் 202, 304 இரண்டுமே பெரும்பாலும் ஒட்டுவதில்லை. 304-ல் நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். 202-ல் அதைவிடக் குறைவு. உப்பும் மசாலாவும் தினமும் படும் இடத்தில் 202 சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே காந்தத்தை நம்பாமல், எந்தப் பாகம் எந்த ரகம் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் 304-க்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பர்னர். பீங்கான் தகடு வைத்த பர்னர் என்றால் பற்றவைத்துச் சில நிமிடங்களில் தகடு முழுவதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். நடுவில் சிவந்து ஓரம் கறுப்பாகவே நின்றால், அந்தப் பக்கம் உள்ள கோழி மேலே கருகி உள்ளே வேகாமல் இருக்கும். இது ருசியோடு முடிகிற விஷயமல்ல. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததும், அந்த மாவட்டத்தில் ஷவர்மா, கிரில் விற்பனைக்குத் தற்காலிகத் தடை வந்ததும் நமக்குத் தெரியும். ஒரு கடையில் நேர்ந்த தவறுக்கு எல்லாக் கடைகளும் அடுப்பை அணைக்க நேர்ந்தது.

மூன்றாவது, கம்பியைச் சுழற்றும் மோட்டாரும் பல்சக்கரமும். இவை பழுதானால் உதிரிப் பாகம் சேலத்திலாவது கிடைக்குமா, மெக்கானிக் எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். பத்து நாள் ஓடாமல் நிற்கும் அடுப்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் நமக்கு நஷ்டமே.

தராசு நம்மிடம் இருக்கிறது

கேஸ் மிச்சமாகும் என்ற பேச்சைச் சோதிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே அடுப்பு ஓடும் ஒரு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, மாலையில் பற்றவைக்கும் முன் சிலிண்டரை எடை போடுங்கள். இரவு அணைத்தபின் மறுபடியும் போடுங்கள். குறைந்த எடைதான் அன்று எரிந்த கேஸ். குறைந்த விலை அடுப்புக்கும் இதேபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். சாதாரண அடுப்பு மணிக்கு 1.5 கிலோவும், விலை கூடியது 1.2 கிலோவும் எரிப்பதாகக் கொள்வோம். தினம் நான்கு மணி நேரம் ஓடினால் மிச்சம் 1.2 கிலோ. கணக்குக்கு எளிதாகக் கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் நாளொன்றுக்கு 120 ரூபாய். விலை வித்தியாசம் 40,000 ரூபாய் என்றால், அது திரும்பி வர 333 நாட்கள் அடுப்பு எரிய வேண்டும். சிலிண்டர் விலை மாதந்தோறும் மாறுவதால், வாங்கும் அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள்.

அடுப்பு எரியும் நாளையும் உள்ளபடி எண்ண வேண்டும். நம் பக்கத்தில் புரட்டாசி மாதம் கோழி விற்பனை படுத்துவிடும். கார்த்திகையில் மாலை போடுபவர்கள் அதிகம். ஆண்டுக்கு 300 நாள் எரிந்தால் மிச்சம் 36,000 ரூபாய். சனி, ஞாயிறு மட்டும் என்றால் சுமார் 100 நாள். மிச்சம் 12,000 ரூபாய்தான்.

அந்த 40,000 சரக்கில் இருந்தால்?

மளிகைக்காரர் மறக்கக் கூடாத கணக்கு இது. அதே 40,000 ரூபாயைப் பருப்பு, எண்ணெய், சர்க்கரையில் போட்டு, மாதம் ஒருமுறை சுழன்று 5 சதவீதம் நின்றால் மாதம் 2,000. ஆண்டுக்கு 24,000 ரூபாய். முதலும் சரக்காகக் கையில் இருக்கும். அடுப்போ ஆண்டுக்கு ஆண்டு தேயும். ஆகவே தினமும் எரிப்பவருக்கு விலை கூடிய அடுப்பு லாபம். வார இறுதிக்கு மட்டும் எரிப்பவர், சீராக எரியும் நடுத்தர விலை அடுப்பை வாங்கி மீதியைச் சரக்கில் போடுவதே புத்திசாலித்தனம். சரக்கு வாங்கக் கையில் பணமில்லாமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் நிலையில் இருப்பவர் இப்போதைக்கு அடுப்பை எண்ணவே வேண்டாம்.

கேஸ் செலவைக் குறைக்க 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கடையில் மாட்டலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம், சிலிண்டர் பறிமுதலாகும். கடைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டரே உரியது. மளிகை விற்பனைக்கு எடுத்த உணவுப் பாதுகாப்புப் பதிவில் சமைத்து விற்பதும் சேர்ந்துள்ளதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வணிக நண்பர்களே, பளபளப்பைப் பார்த்து வாங்குவதும் தவறு. விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்குவதும் தவறு. எத்தனை நாள் எரியும், எவ்வளவு கேஸ் எரிக்கும், பழுதானால் யார் வருவார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சரக்கு எடுக்கும்போது பத்துப் பைசாவுக்குப் பேரம் பேசுகிற நாம், அடுப்பு வாங்கும்போது மட்டும் கணக்கை மறக்கலாமா?