இழுப்பறையில் கிடந்த நீலச் சாவி

லண்டனில் வாடகை வீட்டுக்குக் குடிபுகுந்த முதல் நாளே நாங்கள் மூவரும் ஏறக்குறைய 14 பவுண்டைத் தொலைத்தோம். யாரும் திருடவில்லை. சமையலறை இழுப்பறையில் கிடந்த நீல நிறப் பிளாஸ்டிக் சாவிதான் காரணம்.

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் விடுதியைவிட்டு வெளியேறி, ஈஸ்ட் ஹாம் வட்டாரத்தில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். ஈப்போவைச் சேர்ந்த மலேசியத் தோழி, நைஜீரியாவின் லாகோஸ் நகரிலிருந்து வந்த இன்னொருத்தி, நான். விடுதி வாடகையில் மின்சாரம், எரிவாயு எல்லாம் அடக்கம். சிங்கப்பூரிலோ மின்கட்டணம் அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் கைரோ வழியாகத் தானாகப் போய்விடும். எங்கள் வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

இந்த வீட்டில் மின்சார மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. எரிவாயு மீட்டர் வாசலுக்கு வெளியே ஒரு பெட்டிக்குள். இரண்டும் முன்கட்டண மீட்டர்கள். கைப்பேசிக்கு டாப்-அப் செய்வதைப் போலத்தான்: மின்சாரத்துக்கு ஒரு சாவி, எரிவாயுவுக்கு ஓர் அட்டை. கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் ஏற்றி, மீட்டரில் செருக வேண்டும். பணம் தீர்ந்தால் விளக்கு அணைந்துவிடும்.

இழுப்பறையில் இருந்த சாவியில் 20 பவுண்டு ஏற்றிச் செருகினோம். திரையில் 6 பவுண்டு சொச்சம்தான் தெரிந்தது.

மறுநாள் தெருமுனைக் கடைக்கு மீண்டும் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். என் கையைப் பார்த்ததும், “தங்கச்சி, உது ஆற்றை திறப்பு?” என்றார். அவர் சாவியைத்தான் கேட்கிறார் என்று புரியவே சில விநாடிகள் ஆயின. “பழைய ஆக்கள் விட்டுட்டுப் போனதெண்டால் போடாதேங்கோ. அவையின்ர கடனை நீங்கள் கட்டுறீங்கள்.”

அவர் சொன்னது சரிதான். முன்கட்டண மீட்டரில் பழைய பாக்கியையும் பதிந்து வைக்கலாம். வாரத்துக்கு இவ்வளவு என்று, ஏற்றும் பணத்திலிருந்து அது கழிந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் சேரும் நிலைக்கட்டணம் வேறு. கோடை முழுவதும் வீடு பூட்டிக் கிடந்தாலும் அது ஏறிக்கொண்டே போகும். பணம் தீர்ந்த நேரத்தில் கைகொடுக்கும் அவசரக் கடனை முன்பு யாரோ எடுத்திருந்தால், அடுத்து ஏற்றும் பணத்தில் முதலில் அதுதான் கழியும்.

நாங்கள் மின்விநியோக நிறுவனத்தை அழைத்து, குடிபுகுந்த தேதியைச் சொல்லி, வாடகை ஒப்பந்தத்தின் நகலை அனுப்பினோம். பழைய பாக்கி எங்களுடையது அல்ல என்று ஒப்புக்கொண்டு, புதிய சாவி தந்தார்கள். கழிந்த பணமும் திரும்ப வந்தது. ஆனால் அதற்கு மூன்று தொலைபேசி அழைப்புகளும் இரண்டு வாரமும் பிடித்தன. குடிபுகுந்த அன்றே இரண்டு மீட்டர்களின் திரையையும் படம் எடுத்திருந்தால் ஓர் அழைப்பிலேயே முடிந்திருக்கும். பணம் ஏற்றுவதற்கு முன்பே இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் மீட்டரையே மாற்றிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அதற்குக் காரணம் ஒரு குளியல். பணம் தீர்ந்தாலும் இரவிலும் வார இறுதியிலும் மீட்டர் இணைப்பைத் துண்டிக்காது. அந்தச் சலுகை நேரம் காலையில் முடிந்துவிடும். அக்டோபர் மாத வாரநாள் ஒன்றில் அது முடிந்தபோது என் தலை முழுக்க ஷாம்பு. வெந்நீர் போய்ப் பச்சைத் தண்ணீர் கொட்டியது.

அன்று மாலையே, முதலில் பயன்படுத்தி, பிறகு பில் கட்டும் கிரெடிட் மீட்டருக்கு மாறலாம் என்றேன். ஈப்போ தோழி உடனே தலையாட்டினாள். லாகோஸ் தோழி மறுத்துவிட்டாள்.

“எங்கள் ஊரில் முன்கட்டண மீட்டர் கிடைக்காதா என்று ஏங்குகிறார்கள், தெரியுமா?” என்றாள். நைஜீரியாவில் மீட்டர் இல்லாத வீடுகளுக்கு மின் நிறுவனங்கள் உத்தேசமாக ஒரு தொகையைக் குறித்து பில் அனுப்பும். வீட்டில் மின்சாரமே வராத மாதத்திலும் பெரிய தொகை வரலாம் என்றாள். வார இறுதியில் ஓர் உணவகத்தில் வேலை செய்து, வாரச் சம்பளத்தில் வாழ்பவள் அவள். வாரத்துக்குப் பத்து பவுண்டு என்றால் அவளுக்குக் கணக்குத் தெரியும். திடீரென்று வரும் 200 பவுண்டு பில்லுக்கு அவளிடம் பதில் இல்லை.

விலையைச் சொல்லி அவளை மடக்கலாம் என்று தேடினேன். அதுவும் கைகொடுக்கவில்லை. முன்பு பிரிட்டனில் முன்கட்டண மீட்டர் வைத்திருப்போர் கூடுதலாகத்தான் கட்டினார்கள். 2023 ஜூலையில் அரசாங்கம் அந்த வித்தியாசத்தை நீக்கியது. 2024 ஏப்ரல் முதல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நிலைக்கட்டணத்தையும் சமப்படுத்தியது. முன்கட்டணம் என்றாலே விலை அதிகம் என்று இன்னும் பலர் சொல்வது பழைய கதை. நிலையான விலைத் திட்டங்கள் முன்கட்டண மீட்டருக்கு அதிகம் கிடைப்பதில்லை என்பது மட்டும்தான் என் பக்கம் மிஞ்சிய வாதம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பில் யார் பெயரில் வரும்? முன்கட்டண மீட்டருக்கு நாங்கள் மூவரும் நண்பர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பணம் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் அணையும். கிரெடிட் மீட்டரில் கணக்கில் பெயர் இருப்பவர்தான் நிறுவனத்துக்குப் பொறுப்பு. மற்றவர்கள் கொடுக்காவிட்டால் கடன் அவர் தலையில்தான் விழும். அம்மாவிடம் சொன்னபோது, “உன் பெயரை மட்டும் கொடுத்துடாதே” என்றார். நான் என் பெயரைத்தான் கொடுத்தேன். மாற்ற வேண்டும் என்று கேட்டவள் நான்தானே.

நிறுவனம் என் கடன் வரலாற்றைச் சோதித்தது. ஓராண்டுக்கு முன் வந்தவளுக்கு அப்படி என்ன வரலாறு இருக்கப்போகிறது? முன்வைப்புத் தொகை கேட்டார்கள். வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் நேரடியாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்ததும் அதை விட்டுவிட்டார்கள். வீட்டு உரிமையாளருக்கு மின்னஞ்சலில் தெரிவித்தோம். அவர் ஒரே வரியில் சரி என்றார். புதிய ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்த ஒருவர் வந்தார். கட்டணம் வாங்கவில்லை. ஸ்மார்ட் மீட்டர் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் ஆள் வர வேண்டிய தேவைகூட இல்லை. தொலைவிலிருந்தே ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாற்றிவிட முடியும். மாற்றம் இரு திசையிலும் நடக்கக்கூடியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பாக்கி வைத்த வீடுகளில் கட்டாயப்படுத்தி முன்கட்டண மீட்டர் பொருத்தியது பெரும் சர்ச்சையாகி, 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. அதன் பிறகே விதிகள் கடுமையாயின.

லாகோஸ் தோழி ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்குப் பத்து பவுண்டை ஒரு தனிக் கணக்கில் போட வேண்டும். பில் அதிலிருந்துதான் போகும். யோசித்துப் பார்த்தால், அவள் முன்கட்டண மீட்டரைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து வங்கிக்கு மாற்றிவிட்டாள், அவ்வளவுதான்.

ஜனவரி பில் வந்தது. நான் பயந்ததைவிடக் குறைவு, அம்மா சொன்னதைவிட அதிகம். கணக்கில் இருந்த பணம் போதவில்லை. மூவரும் ஆளுக்கு 11 பவுண்டு போட்டுச் சரிக்கட்டினோம். கடைக்கார அண்ணனிடம் பால் வாங்கப் போனபோது, “என்ன, இப்ப திறப்போட வாறேல்லை?” என்று கேட்டார். தொண்ணூறுகளில் அவர் வந்து தங்கிய அறையில் மீட்டருக்கு 50 பென்ஸ் நாணயம் போட வேண்டுமாம். “ஊரில கரண்டே இல்லாத நேரம் வந்தனான். காசு போட்டால் வெளிச்சம் வரும் எண்டதே எனக்குப் பெரிய புதினம்” என்று சொல்லிச் சிரித்தார்.

லாகோஸ் தோழி இன்றும் மாதத்தின் முதல் தேதியில் கைப்பேசியோடு மாடிப்படிக்குக் கீழே குனிந்து மீட்டரைப் படம் எடுக்கிறாள். அளவை அது தானாகவே அனுப்பிவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. “அது அனுப்பட்டும். என்னிடமும் ஒன்று இருக்கட்டும்” என்கிறாள்.