ரத்தம் எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்



"காய்ச்சல் இல்லே, வலி இல்லே, எதுக்குங்கையா கிளினிக்கு?" என்று பெரியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் ஆரம்பத்தில் வலிக்காது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுத்த பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

இதற்காகத்தான் சுகாதார அமைச்சு 2019-இல் பெக்கா பி40 திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 50 வயதானவர்களுக்கு என்றிருந்தது, 2020-இல் 40 வயதாகக் குறைக்கப்பட்டது. சும்பாங்கான் துனாய் ரஹ்மா உதவித்தொகை பெறுவோரும் அவர்களது கணவன் அல்லது மனைவியும் இதில் அடங்குவர். தனியாகப் பெயர் பதிய வேண்டியதில்லை. அடையாளக் கார்டோடு, திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குக்குப் போனால் ரத்தம், சிறுநீர் எல்லாம் இலவசமாகச் சோதிப்பார்கள். அரசாங்க மருத்துவமனை நோயாளிகளுக்கு 20,000 வெள்ளி வரை மருத்துவக் கருவி உதவி, புற்றுநோய் சிகிச்சையை முடிப்போருக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகை ஆகியவையும் உண்டு.

இலவசம் என்றால் யாரும் பணம் கட்டவில்லை என்று அர்த்தமில்லை. பரிசோதனை செய்த கிளினிக்குக்கு, அமைச்சின் கீழுள்ள புரொடெக்ட்ஹெல்த் நிறுவனம் பணம் கொடுக்கிறது. அது பொதுப்பணம். செய்யாத வேலைக்கு அந்தப் பணம் போனால், அடுத்த கிழவருக்கு உள்ளது குறைகிறது. ஒழுங்காக வேலை செய்யும் டாக்டருக்கும் கெட்ட பெயர்.

பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி, இப்போது சுங்கை பினாங் அடுக்குமாடியில் மகனோடு இருக்கிறார். காலில் ஆறாத புண்ணோடு என்னிடம் வந்தார். "போன வருஷமே செக் பண்ணிட்டாங்க ஐயா, கையெழுத்துகூட போட்டேனே" என்றார். விசாரித்தேன். ஏதோ ஒரு கிளினிக்கில் கார்டைப் பார்த்தார்கள், தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஊசி குத்தவே இல்லை. நான் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஏறிக் கிடந்தது. ஒரு வருஷம் வீணாய்ப் போனது. அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

ஆகவே இவற்றை மறக்காதீர்கள்:

1. என்ன சோதனை என்று கேட்டு, செய்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வேண்டாம்.

2. அடையாளக் கார்டை யாரிடமும் விட்டு வராதீர்கள். சாமான் தருகிறேன், காசு தருகிறேன் என்று கார்டு கேட்பவரை நம்பாதீர்கள்.

3. முடிவு கேட்க இரண்டாவது முறையும் கட்டாயம் போங்கள். முடிவு தெரியாத பரிசோதனை, படிக்காத கடுதாசி மாதிரி.

4. இத்திட்டப் பரிசோதனைக்குப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். புரொடெக்ட்ஹெல்த்துக்கோ சங்கத்துக்கோ தெரிவியுங்கள்.

அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசாங்கக் காப்புறுதி உண்டு, 1965-இல் சட்டமானது. எந்த டாக்டர் எதற்குப் பணம் கேட்டார் என்ற கணக்குத்தாள் நோயாளிக்கே போகிறது. செய்யாத வேலை அதில் இருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். நாமும் தேதி, கிளினிக், செய்த சோதனை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

கூலியில் ஒரு வெள்ளி குறைந்தால் கிராணியிடம் கேட்கிறோம் அல்லவா? நம் பெயரில் போகும் மருத்துவப் பணத்தையும் அப்படியே கேட்போம்.