நிரலுக்கும் ஓர் அடைவு

நுழையும்முன்

நூலின் இறுதியில் அமையும் சொல்லடைவு, தேடும் சொல் எப்பக்கத்தில் உள்ளது என்பதை உடனே காட்டும். கணினி நிரலுக்கும் அத்தகைய அடைவு உண்டு. அதன் இயல்பையும் பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

எழுத்தும் குறியும்

'ஆற்காடு' என்னும் பெயரில் ஆ, ற், கா, டு என நான்கு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறி முறையில் கணினியோ அதனை ஆ, ற, புள்ளி, க, துணைக்கால், ட, உகரக்குறி என ஏழு குறிகளாகச் சேமிக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாத நிரல், ஆற்காட்டிற்கு அனுப்பும் தோல் சரக்கின் முகவரிச் சீட்டில் நான்கு எழுத்துக்கு இடமிருந்தும் 'ஆற்க' என ஊர்ப்பெயரைத் துணித்துவிடக்கூடும்.

இக்குறையைத் தீர்க்கும் கட்டற்ற மென்பொருள்களுள் ஒன்று, பைத்தான் மொழியில் அமைந்த 'ஓபன்-தமிழ்'. சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் 'கெட்_லெட்டர்ஸ்' என்னும் செயற்கூறு அதில் உள்ளது. அதனைத் திருத்த விரும்பும் மாணவர், பல கோப்புகளுக்கிடையே அது வரையறுக்கப்பட்ட இடத்தை முதலில் கண்டறிதல் வேண்டும்.

அடைவு உருவாகும் முறை

இத்தேடலை எளிதாக்குவது 'சிடேக்ஸ்' என்னும் கருவி. அது மூல நிரல்களைப் படித்து, 'டேக்ஸ்' என்னும் கோப்பை உருவாக்குகிறது. அக்கோப்பின் ஒவ்வொரு வரியிலும் செயற்கூற்றின் பெயர், அது உள்ள கோப்பு, அதன் இடத்தைக் காட்டும் குறிப்பு ஆகியன இடம்பெறும். பெயர்கள் அகரவரிசையில் அமைவதால், ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பாதியாக்கித் தேடலாம். 1,000 பெயர்களுள் ஒன்றைக் காணப் பத்து ஒப்பீடுகளே போதும்.

'விம்' என்னும் உரைத்திருத்தியில், பெயரின்மீது சுட்டியை நிறுத்திக் கண்ட்ரோல் விசையுடன் வலச் சதுர அடைப்புக்குறியை அழுத்தினால், வரையறை உள்ள வரி திரையில் தோன்றும். கண்ட்ரோல் விசையுடன் 'டி' விசையை அழுத்தினால் புறப்பட்ட இடத்திற்கே திரும்பலாம்.

தெரிந்து தெளிவோம்

பெர்க்கிலி யூனிக்ஸ் இயங்குதளத்திற்காகச் சிடேக்ஸை முதலில் எழுதியவர் கென் ஆர்னால்டு. பிராம் மூலெனார் உருவாக்கிய விம், 1991ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

அடைவின் எல்லை

அடைவின் இடக்குறிப்பு பெரும்பாலும் வரி எண்ணாக இராது. வரையறை வரியின் வாசகமாகவே இருக்கும். ஆதலால், மேலே சில வரிகள் புதிதாகச் சேர்ந்தாலும் அடைவு வழிதவறாது. ஆயின் செயற்கூற்றின் பெயர் மாறினாலோ, அது வேறு கோப்பிற்குச் சென்றாலோ, பழைய அடைவு பயன்படாது. அதனை மீண்டும் உருவாக்குதல் வேண்டும்.

அடைவு இடத்தைக் காட்டுமேயன்றிப் பொருளை உணர்த்தாது. அங்குள்ள நிரல் சரியா, பிழையா என ஆராய்தல் படிப்பவரின் கடமை. பிறர் எழுதிய நிரலைப் பொறுமையுடன் படிக்கப் பழகியவரே அதனைத் திருத்தவும் வளர்க்கவும் வல்லவராவர். தமிழ் எழுத்து கணினியில் சிதையாமல் நிற்பதும் அத்தகையோர் உழைப்பினாலேயே ஆகும்.