அக்குளில் ஒரு காவல்

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதைச் செஞ்சிப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அந்த நெறிதான் நிணநீர்க் கணு. நிணநீரை வடிகட்டி, அதில் வரும் கிருமிகளை எதிர்க்கும் சிறு உறுப்பு அது. மார்பகப் புற்றணுக்களும் பெரும்பாலும் நிணநீரின் வழியாகவே அக்குளுக்குச் செல்கின்றன.

முன்பெல்லாம் மார்பக அறுவையின்போது அக்குளிலுள்ள கணுக்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடுவதே வழக்கம். அதனால் நோய் பரவாத பெண்களுக்கும், வடிய வழியின்றி நிணநீர் தேங்கிக் கை வீங்கிற்று. யானைக்கால் நோயைப் பார்த்துப் பழகிய நம் ஊர்களில் இவ்வீக்கத்தையும் அதுவென்றே எண்ணுவோர் உண்டு. இது கொசுவால் வருவதன்று; யாருக்கும் தொற்றுவதுமன்று.

இராஜகிரியின் உச்சிக்கு ஏறுபவர், பாறைப் பிளவின் மேலுள்ள பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும். அதுபோல, கட்டியிலிருந்து வரும் நிணநீர் முதலில் சேரும் கணு ஒன்றோ, இரண்டு மூன்றோ இருக்கும். அதனைக் காவல் கணு என்பர். அதில் நோய் இல்லையெனில் மற்றவற்றிலும் இல்லாதிருக்கவே வாய்ப்பு மிகுதி, அவற்றை விட்டுவிடலாம். 1992இல் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் மார்ட்டன் தோல் புற்றுநோயில் நீலச் சாயத்தைக் கொண்டு இம்முறையை விளக்கினார். பின்னர் அது மார்பக அறுவைக்கும் வந்தது.

காவல் கணுவைக் கண்டறியவே இந்தப் படம். அறுவைக்கு முந்தைய நாளோ அன்று காலையோ, டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளை மிகச் சிறிதளவு மார்பகத்தில் ஊசி வழியே செலுத்துவர். சுருக்கென்று வலிக்கும், மறைப்பானேன். பிறகு காமா கேமராவின் கீழ்ப் படுத்திருந்தால் போதும். அப்பொருள் தங்கிய கணு படத்தில் புள்ளியாகத் தெரியும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் முன்னரே சொல்லிவிடவேண்டும்.

கேமரா இல்லாத இடங்களில் மெத்திலீன் புளூ என்னும் மலிவான சாயம் உதவுகிறது. அறுவைக்குப் பின் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகலாம், உடனிருப்போர் கலங்கவேண்டா. மனச்சோர்வுக்கு மாத்திரை உண்பவர்கள் மட்டும் அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது. சாயத்தோடு அவற்றுள் சில ஒவ்வா.

அக்குளில் நெறி கையில் தட்டுப்பட்டு, ஊசிச் சோதனையில் புற்று உறுதியானவர்க்குச் சிகிச்சையின் வழி வேறு. மற்றவர்கள், புதுச்சேரி ஜிப்மருக்குச் சென்றாலும் சென்னை அடையாறுக்குச் சென்றாலும், ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன் ஒன்று கேளுங்கள்: “காவல் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்க எனக்கு இயலுமா?”